கண்ணாடியில் இங்க்ஜெட் அச்சு நிலைக்க எந்தப் பூச்சு ஏற்றது?

கண்ணாடியிலும், மெருகேற்றிய ஓடு, அக்ரிலிக், உலோகத் தகடு போன்ற வழவழப்பான பரப்புகளிலும் இங்க்ஜெட் முறையில் அச்சிடும்போது மை திட்டுத்திட்டாகத் திரண்டுகொள்கிறது என்றும், நன்றாக விழுந்த படம்கூடச் சில நாட்களில் உரிந்துவிடுகிறது என்றும் சொல்லி, இதற்கு எந்தப் பூச்சு ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சின் பெயரைச் சொல்வதற்கு முன், உங்கள் அச்சுப்பொறியில் ஓடுவது என்ன மை என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நீர் மையைத் தாங்கிப் பிடிக்கும் பூச்சு, புறஊதா (யூவி) ஒளியில் இறுகும் யூவி மைக்கு அடியில் ஒரு பலவீனமான படலமாகவே கிடக்கும். யூவி மைக்காகத் தயாரித்த பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் நீர் மையை விட்டால் அது குளமாகத் தேங்கும். பூச்சு என்பது எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒட்டும் பசை அல்ல. அதன் ஒரு பக்கம் கண்ணாடிக்கும் மறுபக்கம் மைக்கும் பொருந்தியாக வேண்டும். கடையில் பொத்தாம்பொதுவாகக் 'கண்ணாடி பிரைமர்' என்று கேட்டு வாங்கி ஏமாறுவோரில் பெரும்பாலோர் அந்த மறுபக்கத்தை மறந்தவர்கள்தான்.

காகிதத்தில் இந்தச் சிக்கல் ஏன் எழுவதில்லை என்பதைப் பார்த்துவிட்டால் மற்றது எளிதாகும். 10 பிக்கோலிட்டர் அளவுள்ள ஒரு மைத்துளியின் விட்டம் ஏறத்தாழ 27 மைக்ரான். அது காகிதத்தில் விழுந்த கணத்திலேயே இழைகளுக்கு இடையிலுள்ள துளைகள் அதன் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. நிறம் மேலே தங்கிவிடுகிறது. கண்ணாடிக்கு உறிஞ்சும் வழியே இல்லை. நீர் மையில் நீரோடு கிளிசரின், கிளைக்கால் போன்றவையும் கலந்திருக்கும். அச்சுத்தலையின் நுண்துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அவற்றைச் சேர்க்கிறார்கள். அச்சுத்தலைக்கு நன்மை செய்யும் அதே கிளிசரின், உறிஞ்சாத பரப்பில் நாள்கணக்கில் ஆவியாகாமல் நின்று, மறுநாள் தொட்டாலும் விரலில் மை வருவதற்குக் காரணமாகிவிடுகிறது. ஆகவே நீர் மையைப் பொறுத்தவரை பூச்சின் முதல் வேலை ஒட்டவைப்பது அல்ல, குடிப்பது.

அப்படிக் குடிக்கும் பூச்சுகள் இரண்டு வகைப்படும். ஜெலட்டின், பாலிவினைல் ஆல்கஹால், பாலிவினைல் பைரோலிடோன் போன்ற நீரில் உப்பிப் பெருகும் பலபடிகளால் (பாலிமர்களால்) ஆன படலம் ஒன்று. அது மையின் நீரை வாங்கி ஊதிக்கொண்டு, பிறகு மெல்லக் காய்ந்து சுருங்கும். மற்றொன்று, மிக நுண்ணிய சிலிக்கா அல்லது அலுமினாத் துகள்களைச் சிறிதளவு பாலிவினைல் ஆல்கஹாலால் பிணைத்து உருவாக்கும் நுண்துளைப் படலம். துகள்களும் துளைகளும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால், உள்ளே கடற்பஞ்சு போல இருந்தாலும் கண்ணுக்குப் படலம் தெளிவாகவே தெரியும். நுண்துளைப் படலத்தில் அச்சு உடனே காய்ந்துவிடுகிறது. ஆனால் அதே துளைகளின் வழியே ஓசோன் முதலிய வாயுக்களும் நுழைவதால், சாய மையில் (நிறம் கரைந்த நிலையில் இருக்கும் மையில்) அச்சிட்ட படம் மேற்பூச்சு இல்லாமல் வைத்தால் விரைவில் வெளிறும். உப்பிப் பெருகும் படலம் காய்வதற்குச் சோம்பல்படும். ஆனால் காய்ந்தபின் சாயத்தை உள்ளே பொதிந்து காக்கும். வேகமா ஆயுளா என்று கேட்டால், கண்ணாடியில் ஒற்றைப் படைப்பாக ஒன்றைச் செய்பவருக்கு நான் ஆயுளையே, அதாவது உப்பிப் பெருகும் படலத்தையே, சொல்வேன்.

பூச்சு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கே போடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிலிட்டர் மை என்றால் அது 1 மைக்ரான் உயர நீர்ப்படலம். அடர்ந்த நிறப் பகுதியில் 20 மில்லிலிட்டர் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், பாதி இடம் துளையாக உள்ள பூச்சு குறைந்தது 40 மைக்ரான் இருந்தால்தான் அத்தனையும் உள்ளே போகும். கையால் ஒருமுறை தெளித்த மெல்லிய படலத்தில் வெளிர் நிறங்கள் அழகாக வந்து, கருமையான பகுதி மட்டும் சேறாவதற்குக் காரணம் இதுதான். பூச்சின் தரத்தைக் குறைசொல்லும் முன் மையின் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

இதில் மின்னூட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இங்க்ஜெட் சாயங்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் பூச்சுக்குள் நேர்மின்னூட்டம் உள்ள ஒரு பலபடியைக் கலந்துவிட்டால் சாயம் அங்கேயே பிடிபட்டுக்கொள்கிறது. பின்னர் ஈரம் பட்டாலும் பரவுவதில்லை. அலுமினாத் துகள்களுக்கு இயல்பிலேயே நேர்மின்னூட்டம் உண்டு. நிறமி மையாக இருந்தால் கால்சியம் குளோரைடு போன்ற உப்பு சிறிது இருந்தாலே, நீரில் மிதக்கும் நிறமித் துகள்கள் திரிந்த பால்போலக் கட்டிக்கொண்டு விழுந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கண்ணாடியின் மேல் ஜெலட்டினை நிறுத்துவது இங்க்ஜெட் வந்த பிறகு எழுந்த சிக்கல் அல்ல. ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் 1871இல், கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசிப் படமெடுக்கும் உலர்தகட்டு முறையை வெளியிட்ட காலத்திலிருந்தே புகைப்படக்காரர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்களிடமிருந்தும், நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகடுகளைத் தயாரிக்கும் ஆய்வகங்களிடமிருந்தும் நமக்குக் கிடைத்த வழி எளியது. லிட்டருக்கு 5 கிராம் ஜெலட்டினும் 0.5 கிராம் குரோம் படிகாரமும் கலந்த மிக நீர்த்த கரைசலில் சுத்தமான கண்ணாடியை முக்கி எடுத்துத் தூசி படாமல் காயவைத்தால், கண்ணுக்கே தெரியாத ஓர் அடிப்படலம் அமைகிறது. அதன் மேல் தடித்த ஜெலட்டின் அடுக்கை ஊற்றினால் அது ஓரங்களில் உரிந்து எழுவதில்லை. குரோம் படிகாரம் ஜெலட்டின் இழைகளைக் குறுக்கே பிணைத்து நீரில் கரையாமல் இறுக்குகிறது. குரோமியச் சேர்மம் என்பதால் கையுறை அவசியம். கழிவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

நீர் மை வகையில் எதைப் பூசினாலும், மேலே ஒரு வார்னிஷ் அடுக்கு இல்லாமல் அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் பயன்படுத்தும் இடத்தில் வைக்க முடியாது. வீட்டு அச்சுப்பொறிகள் பெரும்பாலும் உருளைகளின் இடையே தாளை வளைத்து இழுப்பவை. கண்ணாடி அவற்றுக்குள் போகாது. தட்டைப் படுகை உள்ள பொறி இல்லாதவர்கள் பூச்சோடு விற்கப்படும் ஒளிபுகும் தாளில் அச்சிட்டுக் கண்ணாடியில் ஒட்டுவதே மேல். மேல்நோக்கி வீழ்த்தியில் (ஓவர்ஹெட் புரொஜெக்டரில்) வைத்துக் காட்டுவதற்காக விற்கப்பட்ட இங்க்ஜெட் தாள்களின் ஒரு முகம் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும் அல்லவா, அதுவும் மை ஏற்கும் பூச்சுதான்.

இனி யூவி மைக்கு வருவோம். இன்று கண்ணாடி அச்சுத் தொழிலில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பங்கு இதைப் பற்றியதே. யூவி மை காய்வதில்லை, இறுகுகிறது. அதிலுள்ள அக்ரிலேட் மூலக்கூறுகள் விளக்கொளி பட்டதும் ஒன்றோடொன்று கைகோத்து நொடிக்குள் பிளாஸ்டிக் படலமாகிவிடுகின்றன. ஆகவே உறிஞ்சும் பூச்சு இதற்குத் தேவையில்லை. ஆனால் இறுகும்போது படலம் சுருங்குகிறது. கண்ணாடியோ இம்மியும் நகர்வதில்லை. அந்த இழுவிசை முழுவதும் இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையில் போய்ச் சேர்கிறது. எல்லையில் உறுதியான பிணைப்பு இல்லையென்றால், சில நாள் கழித்து ஒரு மூலையைக் கிளப்பினாலே படம் முழுத்தாளாக எழுந்து வரும்.

இந்த எல்லையைக் கட்டுவதற்குத்தான் சிலேன் என்னும் சிலிக்கன் சேர்மத்தால் ஆன பிரைமர்கள். கண்ணாடிப் பரப்பில் சிலிக்கனோடு இணைந்த ஹைட்ராக்சில் கூறுகள் நிறைந்துள்ளன. சிலேன் மூலக்கூறின் ஒரு முனை நீரோடு வினைபுரிந்து இதே வகைக் கூறாக மாறி, கண்ணாடியில் உள்ளவற்றோடு சேர்ந்து நீரை வெளியேற்றிவிட்டு, சிலிக்கன்–ஆக்சிஜன்–சிலிக்கன் பிணைப்பாகப் பூட்டிக்கொள்கிறது. மறுமுனையை மைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்ரிலேட் அடிப்படையிலான யூவி மைக்கு மெத்தாக்ரிலேட் முனை கொண்ட சிலேன் பொருந்தும். விளக்கு எரியும்போது அந்த முனையும் மையின் வலைப்பின்னலில் ஓர் உறுப்பாகச் சேர்ந்துவிடும். எபாக்சி மைக்கு எபாக்சி முனையோ அமினோ முனையோ உள்ளதைத் தேடுங்கள். 'சிலேன் பிரைமர்' என்று மட்டும் எழுதியிருக்கும் புட்டியில் எந்த முனை இருக்கிறது என்று விற்பவரைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தாமே கலந்துகொள்ள விரும்புவோருக்கு ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் முறை இது. 95 பங்கு எத்தனாலும் 5 பங்கு நீரும் கலந்து, அசிட்டிக் அமிலத் துளிகளால் பி.எச். அளவை 5க்கு அருகில் கொண்டுவந்து, அதில் 2 விழுக்காடு மெத்தாக்ரிலாக்சி சிலேனைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம் விட்டுக் கண்ணாடியை ஓரிரு நிமிடம் நனைத்து, பின்னர் வெறும் ஆல்கஹாலில் ஒருமுறை அலச வேண்டும். அலசுவதைப் பலர் வீண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சிலேனை நீக்குவதற்குத்தான் அது. 110 பாகை செல்சியஸில் 5 முதல் 10 நிமிடம் சூடாக்கினாலோ, சாதாரண வெப்பத்தில் ஒரு நாள் விட்டாலோ பிணைப்பு முழுமையாகிவிடும். கலவையை அன்றன்றைக்கே தயாரிக்க வேண்டும். நேரம் போகப் போகச் சிலேன் தனக்குள்ளேயே பிணைந்து கலங்கிவிடும், கலங்கியதைப் பூசிப் பயனில்லை. மெத்தாக்சி வகைச் சிலேன் நீரோடு சேரும்போது மெத்தனால் வெளிப்படுவதால் காற்றோட்டம் கட்டாயம். சுற்றிலும் இருப்பது ஆல்கஹால் என்பதால் தீப்பொறியும் ஆகாது.

இங்கே கூடுதல் என்றால் கேடு. மூலக்கூறு அளவில் சில அடுக்கு இருந்தால் போதும். தாராளமாகப் பூசிய பிரைமர் வெண்புகை போலத் தெரிவதோடு, பிணைப்பற்ற சிலேன் நடுவில் தங்கிப் படலம் அந்த இடத்திலேயே கிழிகிறது. ஒருமுறை குளியலறைத் தடுப்புக்கான ஒரு தொகுதிக் கண்ணாடிகளை நானே இப்படிக் கெடுத்திருக்கிறேன். ஒரே துணியால் பிரைமரைத் துடைத்துக்கொண்டே போனேன். முதல் கண்ணாடிக்கு அதிகமாகவும், துணி காயக் காயக் கடைசிக் கண்ணாடிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் போயிருந்தது. அன்று மாலை ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்துப் பார்த்தபோது எல்லாமே தேறின. ஈரத்தில் பொருத்திய நான்காம் நாள், கடைசிக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றி, அது மெல்ல மேலேறி, பிறகு படம் ஈரத்தாள்போலத் தொங்கியது. உலர்ந்த நிலையில் நாடாவை வெல்லும் ஒட்டு நீரை வெல்லும் என்று நினைத்தது என் தவறு. கண்ணாடி நீரை விரும்பும் பரப்பு. படலத்தின் விளிம்பு வழியே நுழையும் நீர், மையை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியைத் தான் பிடித்துக்கொள்ளும். நல்ல சிலேன் அடுக்கின் உண்மையான மதிப்பு அந்த நீரைத் தடுப்பதில்தான் இருக்கிறது.

சிலேனின் இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். மாசற்ற கண்ணாடியில் நீர்கூட மெல்லிய விரிப்பாகப் படரும். நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன். இங்க்ஜெட் மைகளுக்கு அது பெரும்பாலும் 22க்கும் 35க்கும் இடையில் இருக்கும். நீரே படரும் இடத்தில் யூவி மை தயங்காமல் படரும். மை திரண்டு நிற்கிறது என்றால் அது கண்ணாடியின் குணம் அல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எண்ணெயின் குணம். மாறாக, மிகச் சுத்தமான கண்ணாடியில் துளிகள் வேண்டிய அளவைத் தாண்டிப் பரவி எழுத்துகளின் விளிம்பு மங்குவதும் உண்டு. சிலேன் அடுக்கு பரப்பின் ஆற்றலைச் சற்றுக் குறைப்பதால் துளி கச்சிதமாக நிற்கிறது. அதற்குமேல் கூர்மை தேவைப்பட்டால், துளி விழுந்தவுடன் பாதி இறுக்கிவிடும் சிறு விளக்கைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, பிரைமரை மேலும் மேலும் பூசக் கூடாது.

சுத்தம் செய்யாமல் பூசிய பிரைமர் அழுக்கைத்தான் பிடித்துக்கொள்ளும். வாசனை கலந்த, பளபளப்பு தரும் கண்ணாடித் துடைப்பு நீர்மங்கள் தமது படலம் ஒன்றை விட்டுச்செல்கின்றன, அவை வேண்டாம். சோப்பு நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, நார் உதிராத துணியில் தூய ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியின் புதிய முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சோதிப்பதற்குக் கருவி தேவையில்லை. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து நீரை ஊற்றினால், அது எங்கும் உடையாத ஒரே விரிப்பாக வழிய வேண்டும். எங்காவது விரிப்பு கிழிந்து நீர் பின்வாங்கினால் அங்கே கொழுப்பு இருக்கிறது. பெருவிரல் ரேகை இருந்த இடம் இந்தச் சோதனையில் ஒரு தீவுபோலத் தனித்துத் தெரியும். ஒருமுறை பார்த்தவர் அதன்பின் வெறுங்கையால் கண்ணாடியைத் தூக்க மாட்டார்.

கண்ணாடிக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த மிதவை முறையில், உருகிய கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து தகடாகிறது. வெள்ளீயத்தைத் தொட்ட முகத்தில் அதன் சுவடு தங்கிவிடும். 254 நானோமீட்டர் யூவி விளக்கை இருட்டில் சாய்த்துக் காட்டினால் அந்த முகம் பால்போல மங்கலாக ஒளிரும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு பாருங்கள். ஒரே மையும் ஒரே பிரைமரும் இரண்டு முகங்களில் வேறுவிதமாக நடந்துகொள்ளக்கூடும் என்பதால், எந்த முகமானாலும் தொகுதி முழுவதற்கும் ஒரே முகத்தில் அச்சிடுவது நல்லது. புட்டிகளின் கதை வேறு. ஆலையில் உரசல் காயம் படாமலிருக்க அவற்றின் மேல் பாலிஎதிலீன் மெழுகு போன்ற ஒரு படலத்தைத் தெளித்தே அனுப்புகிறார்கள். அதை எரித்து நீக்காமல் எந்தப் பிரைமரும் பிடிக்காது. அதனால்தான் புட்டி அச்சிடும் இடங்களில் சுடர் பாய்ச்சும் நிலை ஒன்று இருக்கிறது. சிலிக்கன் சேர்மம் கலந்த வாயுவை எரிக்கும் சுடர் என்றால், மெழுகு போவதோடு நுண்ணிய சிலிக்கா அடுக்கு ஒன்றும் படிந்து, அடுத்து வரும் பிரைமருக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

வெண்மை அடுக்கைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டைஆக்சைடு யூவி ஒளியைத் தானே விழுங்கியும் சிதறடித்தும் விடுகிறது. அதை முதலில் கண்ணாடியில் தடிமனாக அச்சிட்டால் மேற்பகுதி கல்லாகவும், கண்ணாடியைத் தொடும் அடிப்பகுதி பச்சையாகவும் இருக்கும். பிரைமரைக் குறைசொல்லி வரும் புகார்களில் பலவற்றின் உண்மைக் காரணம் இதுவே. வெள்ளையை இரண்டு மெல்லிய அடுக்காகப் பிரித்து அச்சிடுங்கள். கண்ணாடியின் பின்முகத்தில் தலைகீழாக அச்சிடும் வேலையானால், நிறங்கள் முதலில் போய் வெள்ளை கடைசியில் வருவதால் சிக்கல் பாதியாகக் குறையும்.

மற்றப் பரப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெருகேற்றிய ஓட்டின் மேற்பகுதியும் வேதியியலில் கண்ணாடியே. சிலேன் அப்படியே வேலை செய்யும். அக்ரிலிக்கில் யூவி மை பெரும்பாலும் பிரைமர் இல்லாமலே ஒட்டும். லேசரால் வெட்டிய விளிம்புகளில் மட்டும் ஆல்கஹாலைக் காட்டாதீர்கள், நுண்விரிசல்கள் மின்னல் கொடிபோல ஓடும். பாலிபுரொப்பிலீன், பாலிஎதிலீன் ஆகியவற்றின் பரப்பு ஆற்றல் 30 டைன் அளவிலேயே இருப்பதால் சுடர், கொரோனா மின்னிறக்கம் அல்லது பிளாஸ்மா சிகிச்சையோ, குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் பிரைமரோ இல்லாமல் தொட வேண்டாம். கண்ணாடிச் சிலேன் அங்கே எதையும் பிடிக்காது. அனோடைஸ் செய்து (மின்வேதி முறையில் ஆக்சைடு அடுக்கை வளர்த்து) இன்னும் துளை மூடப்படாத அலுமினியம் ஒரு விதிவிலக்கான அழகு. அதன் ஆக்சைடு அடுக்கே நுண்துளைப் பூச்சாக நின்று சாய மையைக் குடித்துக்கொள்ளும். பிறகு கொதிநீரில் இட்டால் துளைகள் மூடிக்கொள்ளும்.

ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய கண்ணாடிக்கும், நாள்தோறும் தேய்த்துக் கழுவும் கண்ணாடிக்கும் இந்தப் பூச்சுகள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தேவைப்படுவது செராமிக் மை. தாழ்ந்த வெப்பத்தில் உருகும் கண்ணாடிப் பொடியும் கனிம நிறமியும் கலந்த அந்த மை, கண்ணாடியைக் கடினப்படுத்தும் உலையில் 600 முதல் 700 பாகை அளவில் உருகிக் கண்ணாடியோடு கலந்துவிடுகிறது. அதை உலைக்கு முன்பும், யூவி மையை உலைக்குப் பின்பும்தான் அச்சிட முடியும் என்பதைத் திட்டமிடும்போதே மனத்தில் வையுங்கள். குடிக்கும் கோப்பையின் உட்புறத்திலும் உதடு படும் விளிம்பிலும் யூவி மையோ பிரைமரோ வரவே கூடாது.

பெரிய வேலையைத் தொடங்கும் முன் ஒரு கண்ணாடித் துண்டை மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுத்தம் மட்டும் செய்து விடுங்கள். இரண்டாவதில் பிரைமரை மெல்லியதாக, மூன்றாவதில் வேண்டுமென்றே அதிகமாகப் பூசி, மூன்றின் மேலும் ஒரே படத்தை அச்சிடுங்கள். ஒரு நாள் கழித்துக் கத்தியால் சதுரக் கட்டங்களாகக் கீறி, நாடாவை ஒட்டி இழுங்கள்; பிறகு துண்டின் கீழ்ப்பாதியை ஒரு நாள் முழுவதும் நீரில் நிறுத்தி, வெளியே எடுத்த ஈரத்தோடேயே மறுபடி கீறி இழுங்கள். உலர்ந்த பாதியில் மூன்று பட்டைகளும் ஒன்றுபோலத் தோன்றலாம். நீரில் நின்ற பாதியில் முதல் பட்டை பெரும்பாலும் நாடாவோடு வந்துவிடும், மூன்றாவது கட்டங்களின் ஓரங்களில் பொடியும். நடுப்பட்டை அசையாமல் நின்றால் அந்தப் பிரைமரையும் அந்த அளவையும் குறித்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.